கீசர் தொட்டி துருப்பிடிக்காமல் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கீசரில் காயில் போனால் மாற்றலாம், தெர்மோஸ்டாட் போனால் மாற்றலாம். உள்ளிருக்கும் தொட்டி ஓட்டையானால் மட்டும் கீசரையே கழற்றிப் போட வேண்டியதுதான். சென்னையின் தென்புறநகரில், போர் தண்ணீரை நம்பியிருக்கும் எங்கள் வீட்டில், 15 லிட்டர் கீசர் ஒன்று ஐந்தாம் ஆண்டிலேயே அப்படிப் போனது. ஆண்டுதோறும் சர்வீசுக்கு ஆள் வந்தார். வெளியே துடைத்தார், தண்ணீர் சுடுகிறதா என்று பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஒருமுறைகூட அடித்தட்டைத் திறக்கவில்லை. கடைசியில் திறந்தபோது, தொட்டியைத் துருவிலிருந்து காக்க விரல் பருமனுக்கு மெக்னீசியம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த ஒரு மெல்லிய கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அன்றுமுதல் உறவினர்களும் அண்டை வீட்டாரும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தொட்டிக்குள் பூச்சு இருக்கிறதே, பிறகும் ஏன் துருப்பிடிக்கிறது?

நம் வீடுகளில் இருக்கும் சேமிப்பு வகைக் கீசர்களில் பெரும்பாலானவற்றின் தொட்டி சாதாரண எஃகால் ஆனது. அதன் உட்புறத்தில் கண்ணாடிப் பூச்சு கொடுத்திருப்பார்கள். கண்ணாடித்தூள் குழம்பைத் தெளித்து, 800 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் சுட்டு உருக்கி, எஃகின் மேல் ஒட்ட வைப்பது இந்த முறை. பழைய எனாமல் தட்டுகளிலும் கிண்ணங்களிலும் பார்த்த அதே பூச்சுதான். அந்தத் தட்டு கீழே விழுந்து ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டால், அந்த இடத்தில் மட்டும் கறுத்துத் துரு ஏறுவதை நம் வீட்டு அடுக்களைகளில் பலரும் பார்த்திருப்போம்.

கீசர் தொட்டியிலும் அதுவே நடக்கிறது. வெல்டிங் மடிப்புகளிலும், குழாய் நுழையும் வாய்களிலும், விளிம்புகளிலும் பூச்சு முழுமையாகப் படிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் எஞ்சியே இருக்கும். நாளுக்கு இரண்டுமுறை சூடாகி ஆறும்போது எஃகும் கண்ணாடியும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை என்பதால், ஆண்டுகள் போகப் போக மயிரிழை விரிசல்களும் சேரும். அந்தத் துளை வழியே தண்ணீர் எஃகைத் தொட்டதும் அரிப்பு தொடங்குகிறது. ஒவ்வொரு முறை குளித்து முடித்ததும் தொட்டிக்குள் புதுத் தண்ணீர் நுழைகிறது; அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அரிப்புக்குத் தேவையான தீனியைத் தருகிறது, சூடு அதன் வேகத்தைக் கூட்டுகிறது, தண்ணீரில் உள்ள உப்பு மின்னோட்டத்துக்கு வழி அமைத்துக் கொடுக்கிறது. தாக்குதல் முழுவதும் ஒரு சிறு புள்ளியில் குவிவதால், தொட்டி பரவலாகத் தேயாமல் அந்த ஒரே இடத்தில் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது.

ஆனோடு கம்பி என்கிறார்களே, அது என்ன செய்கிறது?

பூச்சு மறைக்கத் தவறிய எஃகுக்காகத் தன்னைக் கொடுக்கிறது. தண்ணீருக்குள் இரண்டு வேறு உலோகங்களை மின்தொடர்போடு வைத்தால், எளிதில் கரையக்கூடியது கரையும், மற்றது தப்பிக்கும். பள்ளி வேதியியலில் வரும் மின்முனை அழுத்த அட்டவணையில் மெக்னீசியம் மைனஸ் 2.37 வோல்ட்டிலும், அலுமினியம் மைனஸ் 1.66 வோல்ட்டிலும், துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட்டிலும், இரும்பு மைனஸ் 0.44 வோல்ட்டிலும் நிற்கின்றன. மெக்னீசியத்துக்கும் இரும்புக்கும் இருக்கும் இடைவெளி மிகப் பெரியது என்பதால், தொட்டிக்குள் ஒரு மெக்னீசியம் கம்பியை வைத்தால் அது கரைந்து தன் எலக்ட்ரான்களை எஃகுக்குத் தந்துகொண்டே இருக்கும். எலக்ட்ரான் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை எஃகு கரைவதில்லை.

இந்த உத்திக்கு இருநூறு வயதாகிறது. 1824-இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் வேய்ந்திருந்த செப்புத் தகடு உப்புநீரில் அரிபடுவதைத் தடுக்க, அதனோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது; ஆனால் கரைந்துவந்த செம்பின் நச்சுத்தான் அதுவரை கடல் உயிரிகளை அண்டவிடாமல் வைத்திருந்தது என்பதால், கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டு வேகத்தைக் குறைத்தன, கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. கப்பலின் செப்புத் தகட்டுக்கு ஒத்துவராத அதே முறை, பிற்காலத்தில் எஃகுக் கப்பல்களுக்கும், நிலத்தடி எண்ணெய்க் குழாய்களுக்கும், நம் வீட்டுக் கீசருக்கும் காவலாக வந்து சேர்ந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது: இந்தக் கம்பி கரைவதற்கென்றே வைக்கப்பட்டது. அது கரைந்திருப்பதைக் கண்டு, மட்டமான பொருளை வைத்துவிட்டார்கள் என்று கோபப்படத் தேவையில்லை. தண்ணீர் நல்ல உப்பாக இருந்தும் இரண்டு ஆண்டுகளாகக் கம்பி துளியும் கரையாமல் புதிதுபோலவே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது கம்பிக்கும் தொட்டிக்கும் இடையே மின்தொடர்பு அறுந்திருக்கலாம், அல்லது கம்பியின் மேல் ஓடு கட்டியிருக்கலாம்.

என் கீசரில் அது எங்கே இருக்கும்?

செங்குத்தாகச் சுவரில் மாட்டும் கீசர்களில் அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் நட்டுகளால் இறுக்கிய வட்டமான அடித்தட்டு தெரியும். காயிலும், தெர்மோஸ்டாட் நுழையும் குழலும், ஆனோடு கம்பியும் ஒன்றுக்கொன்று அருகில் அந்தத் தட்டிலேயே நின்றுகொண்டிருக்கும். அடித்தட்டை இறக்கினால்தான் கம்பி கண்ணில் படும். வெளியிலிருந்து பார்த்து அதன் நிலையை ஊகிக்க வழியே கிடையாது. 1 லிட்டர், 3 லிட்டர் உடனடிக் கீசர்கள் பலவற்றில் சிறிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி இருக்கும், ஆனோடு இருக்காது. உங்கள் மாடலில் இருக்கிறதா என்பதை உடன்வந்த கையேட்டின் உதிரிபாகப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஓர் எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். கம்பியின் ஆயுளை முடிவு செய்வது தண்ணீர்தான். கோயம்புத்தூரில் ஒரே வீட்டில் ஒரு குழாயில் சிறுவாணித் தண்ணீரும் இன்னொரு குழாயில் போர் தண்ணீரும் வருவதுண்டு. முன்னதை நல்ல தண்ணீர் என்றும் பின்னதை உப்புத் தண்ணீர் என்றும் அங்கே சொல்வார்கள். கீசர் எந்தக் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, அதே கம்பி ஓரிடத்தில் பல ஆண்டுகள் நிற்கும், மற்றோரிடத்தில் ஓராண்டிலேயே தீர்ந்துபோகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் போலக் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்துவிட்ட இடங்களில் இன்னும் விரைவாகத் தீரும்.

கணக்கு எளிமையானது. ஒரு கிலோ மெக்னீசியம் கொள்கையளவில் ஏறத்தாழ 2200 ஆம்பியர்-மணி அளவு மின்னோட்டத்தைத் தர வல்லது. நடைமுறையில் அதில் பாதி, தொட்டியைக் காக்காமல், தானாகவே தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது. வீட்டுக் கீசரின் கம்பியோ கிலோக் கணக்கில் இருப்பதில்லை. சில நூறு கிராமைத் தொட்டாலே பெரிது. உப்பு கூடும்போது தண்ணீரின் மின்கடத்துதிறன் கூடி, மின்னோட்டமும் வீணாவதும் இரண்டும் ஏறுகின்றன. ஆகவே என் பரிந்துரை இது: போர் தண்ணீர் என்றால் முதல் ஆண்டு முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். கம்பி எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதே அடுத்த முறை எப்போது திறக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். பாதி போயிருந்தால் அடுத்த ஆண்டுக்குள் மாற்றியாக வேண்டும். கால்பங்குகூடப் போகவில்லை என்றால் இரண்டு ஆண்டுகள் பொறுக்கலாம்.

எங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அது காட்டும் எண் பயனுள்ளதுதான் என்றாலும் போதாது. மொத்தத்தில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. கால்சியம், மெக்னீசியம் உப்புகளால் வரும் கடினத்தன்மை காயிலின் எதிரி, சாதாரண உப்பிலும் இருக்கும் குளோரைடு தொட்டியின் எதிரி. இரண்டையும் தனித்தனியே தெரிந்துகொள்ள வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இன்படி ஒரு லிட்டரில் மொத்தக் கடினத்தன்மை 200 மில்லிகிராமுக்குள்ளும், குளோரைடு 250 மில்லிகிராமுக்குள்ளும், மொத்தம் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள்ளும் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத நிலையில் முறையே 600, 1000, 2000 வரை அனுமதி உண்டு. பி.எச். அளவு 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது உப்பு கூடும் என்பதால் கோடையில் எடுத்த மாதிரியே கீசருக்குச் சரியான எச்சரிக்கை.

கம்பியை நானே திறந்து பார்க்கலாமா?

மின்வேலை தெரியாதவர் தொடக் கூடாது. தெரிந்த எலக்ட்ரீஷியனையோ கீசர் மெக்கானிக்கையோ அழைத்து, பக்கத்தில் நின்று செய்யச் சொல்வது நல்லது. என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அவர் அதைச் செய்கிறாரா என்று பார்க்க முடியும் என்பதால், விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் குளியலறை சுவிட்சை மட்டும் அணைத்து நிறுத்திக்கொள்ளாமல், மீட்டர் பெட்டியில் அந்தக் கீசருக்குரிய எம்.சி.பி.யையும் இறக்க வேண்டும். தண்ணீர் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு உள்ளே போகும் குழாயின் ஆங்கிள் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, உள்வழி இணைப்புக் குழாயைக் கழற்றி, தொட்டியிலுள்ள தண்ணீர் முழுவதையும் வாளியில் வடிக்க வேண்டும். அடிமூடியைக் கழற்றியதும், ஒயர்கள் எங்கெங்கே இணைந்திருக்கின்றன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்ட பின்னரே அவற்றை விடுவிக்க வேண்டும். அடித்தட்டின் நட்டுகளைத் தளர்த்தித் தட்டை மெல்லக் கீழே இறக்கினால், உப்புத் தண்ணீர் வீடாக இருந்தால், முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டதுபோல வெள்ளைச் சில்லுகள் வாளிக்குள் சரசரவென்று கொட்டும்.

இனிக் கம்பியைப் பாருங்கள். வேலை செய்துகொண்டிருக்கும் கம்பி வழவழப்பாக இருக்காது. எலி கொறித்த கரும்புபோல மேடும் பள்ளமுமாக, சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறத்தில் இருக்கும். வெள்ளை மாவை நகத்தால் சுரண்டினால் உள்ளே உலோகம் தட்டுப்பட வேண்டும். நடுவிலிருக்கும் எஃகுக் கம்பி எங்கேனும் வெளியே தெரிந்தாலோ, மொத்தப் பருமன் பாதிக்கும் கீழே போயிருந்தாலோ மாற்றிவிடுங்கள். திறப்பதற்கு ஆகும் கூலியும் உழைப்பும் கம்பியின் விலையைவிடக் கூடுதல் என்பதால், இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்று பழைய கம்பியையே திருப்பி மாட்டுவதில் சிக்கனம் எதுவும் இல்லை.

புதுக் கம்பியின் மரை, பழையதன் மரைக்குப் பொருந்த வேண்டும். மாடலுக்கு மாடல் இது வேறுபடும் என்பதால் பழைய கம்பியைக் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. மரையிலும் அது உட்காரும் இடத்திலும் இருக்கும் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்து உலோகம் உலோகத்தைத் தொடும்படி இறுக்க வேண்டும். டெஃப்லான் டேப்பை அங்கே அடுக்கடுக்காகச் சுற்றினால் மின்தொடர்பு கெட்டு, கம்பி இருந்தும் பயனில்லாமல் போகலாம். தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவிலுள்ள ரப்பர் கேஸ்கெட்டைத் திறந்தபோதெல்லாம் புதிதாகப் போடுங்கள். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எல்லாம் முடிந்து, வெந்நீர்க் குழாயில் காற்றுக் கலக்காமல் தண்ணீர் சீராக வரும்வரை தொட்டியை நிரப்பி, தட்டைச் சுற்றிக் கசிவு இல்லை என்று கையால் தடவிப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் காயில் கருகிவிடும்.

உப்பு படிந்தால் அது தொட்டிக்கு ஒரு கவசம்தானே?

மெல்லிய சுண்ணாம்புப் படலம் ஓரளவு காக்கும் என்பது உண்மை. நம் போர் தண்ணீரில் உருவாவது படலம் அன்று, பாறை. கால்சியம் கார்பனேட்டுக்கு ஒரு விசித்திரம் உண்டு: சர்க்கரையைப் போல அல்லாமல், தண்ணீர் சூடாகும்போது அது குறைவாகக் கரையும். ஆகவே மிகச் சூடான இடமான காயிலின் மேல்தான் முதலில் படிகிறது. காயிலின் சூடு வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குவதால் அதன் உறை வெடித்து, தண்ணீருக்குள் மின்கசிவு தொடங்குகிறது. உதிர்ந்த சில்லுகள் தொட்டியின் அடியில் மேடாகக் குவிந்து, அந்தக் குவியலுக்கு அடியில் ஆக்சிஜன் குறைந்த ஓர் இடத்தை உண்டாக்குகின்றன. அங்கே அரிப்பு மறைவாக வளரும். ஆனோடு கம்பியின் மேலும் ஓடு கட்டி அதன் வேலையை முடக்கும்.

காயிலையும் அடித்தட்டையும் வெளியே எடுத்த பிறகு, வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்து, பிளாஸ்டிக் பிரஷால் தேய்த்தால் படிவு விட்டுவிடும். ஆனோடு கம்பியை முன்னதாகவே கழற்றிவிட வேண்டும், அமிலம் அதைத் தின்றுவிடும். கழிவறை கழுவ வாங்கும் ஆசிட்டைக் கீசருக்குள் ஊற்றுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நுரைத்துக்கொண்டு பளிச்சென்று சுத்தமாவது உண்மைதான்; அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பூச்சின் ஊசித்துளைகளுக்குள் இறங்கி எஃகையும், காயிலின் உறையையும் சேர்த்தே கரைக்கிறது என்பதுதான் கொடுமை. ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுச் சுரண்டுவதும் கண்ணாடிப் பூச்சைப் பெயர்த்துவிடும். தயவுசெய்து இரண்டையும் அனுமதிக்காதீர்கள்.

வெப்பநிலையைக் குறைத்து வைத்தால் தொட்டி நீடிக்குமா?

நீடிக்கும். சூடு குறைந்தால் படிவும் அரிப்பும் இரண்டும் மெதுவாகும். வெளியே குமிழ் இருக்கும் கீசரில், நம் ஊர்ச் சூட்டுக்கு, அதைக் கடைசிவரை திருகி வைக்கக் காரணமே இல்லை. கொதிக்கக் காய்ச்சி, பிறகு பாதிக்குப் பாதி பச்சைத்தண்ணீர் கலந்துதான் குளிக்கிறோம். எனினும் நாள்கணக்கில் வெதுவெதுப்பாகவே வைத்திருப்பதும் தவறு. லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் நோய்க் கிருமி ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் பெருகும், 60 டிகிரியில் மடியும். ஆகவே 60 டிகிரியை ஒட்டி வைத்து, தேவைப்படும் வேளையில் மட்டும் போட்டு அணைப்பது தொட்டிக்கும் உடலுக்கும் ஏற்றது.

வாட்டர் சாஃப்ட்னர் போட்டுவிட்டோம், இனி கவலையில்லை அல்லவா?

படிவைப் பற்றிய கவலை பெருமளவு தீர்ந்தது. அரிப்பைப் பற்றிய கவலை தீரவில்லை. சாஃப்ட்னர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. தண்ணீரில் மொத்த உப்பு குறைவதில்லை, குளோரைடு அப்படியே இருக்கிறது. மெல்லிய சுண்ணாம்புப் படலம் தந்த சிறு பாதுகாப்பும் போய்விடுவதால் ஆனோடு கம்பி முன்னைவிட விரைவாகக் கரையும். உப்புக்கரைசல் விட்டு சாஃப்ட்னரைப் புதுப்பித்த பிறகு நன்றாக அலசாமல் விட்டால், அந்த உப்பும் கீசருக்குள் வந்து சேரும். சாஃப்ட்னர் பொருத்திய வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை கம்பியைப் பார்ப்பது கட்டாயம்.

மேல்நிலைத் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளில், கீசரின் உள்வழி வால்வை மூடிவைப்பதும் நல்ல பழக்கம். குளோரின் மிகுந்த நீரும் தொட்டிக்கு ஆகாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி வாங்கினால் துருவே வராது என்கிறார்களே?

நல்ல தண்ணீர் ஊர்களுக்கு அது பொருந்தும். கடற்கரை ஊர்களுக்கும் உப்பு போர் தண்ணீருக்கும் அப்படியே பொருந்தாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம்தான் அதைக் காக்கிறது. குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். பரவலாகக் கிடைக்கும் 304 தரத்தில், குளோரைடும் சுமார் 60 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் வெல்டிங் இடத்தின் இழுவிசையும் ஒன்றுசேர்ந்தால் உலோகம் நூலிழையாக வெடிக்கும். மாலிப்டினம் சேர்த்த 316 தரம் இதை நன்றாகவே தாங்கும், விலையும் கூடுதல். எத்தரம் என்று கேட்காமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பெயருக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. ஆனோடு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. போர் தண்ணீரில் சல்பேட்டை உண்டு வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் இருந்தால், மெக்னீசியம் வினைபுரியும்போது உண்டாகும் ஹைட்ரஜனைப் பயன்படுத்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. நாற்றம் பொறுக்காமல் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு வாயை அடைத்துவிடச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. நாற்றம் உடனே போகும், சில ஆண்டுகளில் தொட்டியும் போகும். போர்க்குழாயையும் தொட்டியையும் குளோரினால் சுத்தம் செய்து, அந்தக் குளோரின் உள்ளே தங்காதபடி நன்றாக அலசுவதும், கிடைத்தால் துத்தநாகம் கலந்த அலுமினியக் கம்பிக்கு மாறுவதும் சரியான வழி.

தூய துத்தநாகக் கம்பி மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போடலாமா?

வேண்டாம். 60 டிகிரியை ஒட்டிய சூட்டில், சிலவகைத் தண்ணீரில், துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் இடம் மாறிவிடும். அப்போது துத்தநாகத்தைக் காத்து இரும்பு கரையும்.

கீசரில் தண்ணீர் சொட்டுகிறது. தொட்டி போய்விட்டதா?

எங்கிருந்து சொட்டுகிறது என்று முதலில் பாருங்கள். தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 1.4 விழுக்காடு விரிகிறது. 15 லிட்டர் கீசரில் அது 200 மில்லிலிட்டருக்கும் சற்று மேல், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர். திரும்பிப் போக வழியில்லாவிட்டால் அந்த நீர் பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டுவது இயல்பே. அதைப் பழுது என்று எண்ணி வால்வின் வாயை அடைப்பது உயிருக்கே ஆபத்து. அடித்தட்டைச் சுற்றிக் கசிந்தால் பெரும்பாலும் கேஸ்கெட்டை மாற்றினாலே போதும். இணைப்புக் குழாய் வாயில் கசிந்தால் வாஷர் தேய்ந்திருக்கும். இவை எதுவுமின்றி, வெளியுறைக்கும் தொட்டிக்கும் நடுவிலுள்ள நுரைக் காப்பு நனைந்து, செந்நிறக் கறையோடு நீர் வழிந்தால் மட்டுமே தொட்டி துளைத்துவிட்டது என்று பொருள். அந்தத் துளையை வெல்டிங் வைத்து அடைக்க முடியாது; வெல்டிங் சூட்டில் உட்புறக் கண்ணாடிப் பூச்சு சுற்றிலும் தெறித்துவிடும், அடுத்த துளை அதன் அருகிலேயே விழும்.

கீசரைத் தொட்டாலோ வெந்நீரைத் தொட்டாலோ சுரீரென்று இருந்தால், உடனே எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். காயிலின் உறை அரித்திருக்கலாம். கீசர் இணைப்பில் சரியான எர்த்தும், 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மின்சாரத்தில் இயங்கும், கரையாத ஆனோடு நமக்கு ஏற்றதா?

டைட்டானியக் கம்பி வழியே வெளியிலிருந்து சிறிதளவு மின்னோட்டத்தைச் செலுத்தி அதே பாதுகாப்பைத் தரும் கருவிகள் மேலைநாடுகளில் புழக்கத்தில் இருக்கின்றன. அவை இரவும் பகலும் மின்சாரத்தில் இருக்க வேண்டும். நாம் குளித்ததும் கீசர் சுவிட்சை அணைத்துவிடுபவர்கள். கருவியும் அதே இணைப்பில் இருந்தால் நாளில் பெரும்பகுதி காவலே இருக்காது. மின்வெட்டிலும், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் வேலை செய்யும் மெக்னீசியம் கம்பியே நம் பழக்கத்துக்கு ஒத்தது.

மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டருக்கும் இது பொருந்துமா?

கூடுதலாகவே பொருந்தும். கோடையில் யாரும் வெந்நீர் பயன்படுத்தாவிட்டாலும் சூரியன் தொட்டியைக் காய்ச்சிக்கொண்டே இருப்பதால், நீர் 60 டிகிரியை எளிதாகத் தாண்டி நாள்முழுக்க அங்கேயே நிற்கும். கண்ணாடிப் பூச்சுத் தொட்டியாக இருந்தால் அதன் ஆனோடு எந்த முனையில் இருக்கிறது என்று பொருத்தும் நாளிலேயே கேட்டு, அதைக் கழற்றி எடுக்கும் அளவுக்குச் சுவரிலிருந்து இடம்விட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

விடுமுறைக்கு இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். தொட்டியைக் காலி செய்துவிட வேண்டுமா?

தேவையில்லை. பாதி ஈரமும் பாதிக் காற்றுமாக இருக்கும் தொட்டி, முழுதாக நிரம்பிய தொட்டியைவிட விரைவாகத் துருப்பிடிக்கும். தண்ணீருக்கு வெளியே இருக்கும் சுவரை ஆனோடு காக்கவும் முடியாது. மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போங்கள். திரும்பியதும், ஆனோடு வெளியிட்ட ஹைட்ரஜன் வாயு சிறிது தொட்டியின் உச்சியில் தேங்கியிருக்கலாம் என்பதால், ஜன்னலைத் திறந்து வைத்து, அருகில் தீக்குச்சியோ ஊதுபத்தியோ ஏற்றாமல், வெந்நீர்க் குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

புதுக் கீசர் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

எத்தனை நட்சத்திரம் என்பதை எல்லாரும் கேட்கிறோம். அது மின்செலவைப் பற்றியது, தொட்டியின் ஆயுளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சேமிப்பு வகை மின்கீசருக்கான தரநிலை ஐ.எஸ். 2082, அந்த முத்திரையைப் பாருங்கள். தொட்டி எந்த உலோகம், உட்பூச்சு என்ன, ஆனோடு கம்பி தனி உதிரிபாகமாக நம் ஊரிலேயே கிடைக்குமா, என்ன விலை, கடினநீர்ப் பகுதிக்கெனப் பெரிய கம்பி தருகிறார்களா என்று கேளுங்கள். தொட்டிக்கு ஐந்து, ஏழு ஆண்டு உத்தரவாதம் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தாலும், ஆனோடு அதில் அடங்காது என்றும், தண்ணீரின் தரம் குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது என்றும் சிறிய எழுத்தில் நிபந்தனை இருப்பதுண்டு. கடையிலேயே நின்று படித்துவிடுங்கள். ஆனோடு மாற்றிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் இப்போதைய கீசரின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கிறது. கம்பி மாட்டிய தேதி, திறந்து பார்த்த தேதி, அப்போது அது எவ்வளவு மீந்திருந்தது என்பவற்றை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். சர்வீசுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.